அலுமாரியில் வைத்த பல்

எங்கள் அறைக்குப் போன வருடம் வந்து சேர்ந்த நேபாளத்துக்காரர் பிரேம், என்னிடம் பேசும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொள்வார். பிலிப்பைன்காரரோடு பல் தெரியச் சிரிப்பார், வங்காளிகளோடு சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார். என் பக்கம் திரும்பியதும் கை வாய்க்குப் போய்விடும். என் மீது ஏதாவது வாடை அடிக்கிறதோ என்று எனக்குப் பயம். கட்டாரில் நான் செய்வது சலவைக்கூட வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மெசினில் போட்டு எடுப்பவனுக்கு மருந்து வாடை போகாது. இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தும் அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் காரணம் கேட்டேன். பிரேம் எழுந்து நின்று, மறுபடியும் வாயை மூடிக்கொண்டு, உங்கள் நாட்டு மரியாதை இதுதானே, நீங்கள் எல்லோரிடமும் இப்படித்தானே பேசுகிறீர்கள் என்றார்.

அது எங்கள் நாட்டு மரியாதை அல்ல. எனக்குப் பல் இல்லை, அவ்வளவுதான். அதை அவருக்குச் சொல்லிக் காட்ட வேண்டுமானால் என் வாயிலிருந்து கையை எடுக்க வேண்டும். எனக்குக் கூச்சம். இலங்கைக்காரர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவர்கள் என்று ஒரு மனிதர் நம்புவதால் யாருக்கும் நட்டமில்லை என்று விட்டுவிட்டேன்.

முன்பல் இரண்டும் கேம்ப் கட்டிலின் ஏணியில் போயின. மேல் கட்டிலிலிருந்து அரைத்தூக்கத்தில் இறங்கும்போது கால் வழுக்கி, இரும்புக் கம்பியில் வாய் அடிபட்டது. மற்றவை அப்படிப் போகவில்லை. ஒவ்வொன்றாகச் சொத்தை விழுந்தபோது, அடைப்பதா பிடுங்குவதா என்று கேட்பார்கள். பிடுங்குவது எப்போதும் மலிவு. நான் ஒவ்வொரு முறையும் மலிவானதைச் சொன்னேன். இப்படிச் சேமித்துச் சேமித்து மேல்வரிசை முக்கால்வாசி காலியாகிவிட்டது.

இந்தச் சிக்கனம் எனக்குக் கட்டாரில் வந்ததல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கம்பளையில் ஒரு பலசரக்குக் கடையில் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சம்பளத்துக்கு மறுநாள் வந்து மொய்க்கிற கடை. சாக்குகளும் பெட்டிகளும் சணல் கயிறு கட்டி வரும். கயிற்றை அறுக்கக் கூடாது, முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். விரலுக்கு மசியாத முடிச்சைப் பல்லால் கடித்து இளக்குவேன். அந்த ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது, சணலும் கருவாட்டு உப்பும். கயிறு மிச்சமானது. பல்லுக்கும் ஒரு விலை உண்டு என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல விரிப்பு வாங்கினால் ஊருக்கு என்று எடுத்து வைப்போம். கிழிந்த விரிப்பில் நாம் படுப்போம். ஊருக்குக் கொண்டுபோனால் அவர்கள் அதை அலுமாரியில் வைத்து, யாராவது வந்தால் விரிக்கலாம் என்பார்கள். இரண்டு நாட்டிலும் அது விரிக்கப்படுவதில்லை. கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் நான் கொண்டுவந்த போர்வைகள் உறை பிரிக்காமல் இருக்கின்றன. ஷோகேஸில் பூப்போட்ட கோப்பைகள் இருக்கின்றன. அவற்றில் தேத்தண்ணி குடிக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் லீவில் போன முதல் வாரம் மட்டும். இந்த முறை போய் இறங்கிய காலையும் மகள் நிரோஷா அந்தக் கோப்பையைத் தட்டில் வைத்து நீட்டினாள். "எனக்கு எதுக்கும்மா இது? வழக்கமான கப்புல தா" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "ஒங்களுக்கு வழக்கமான கப்பு எதுப்பா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்த லீவுக்கு நான் ஒரு வேலையோடுதான் போயிருந்தேன். சமைக்கிற குசினியின் தரை பெயர்ந்து, மழை நாளில் ஈரம் ஏறுகிறது. அதற்கு டைல்ஸ் போட ஒரு தொகை சேர்த்து வைத்திருந்தேன். என் மனைவி சரோஜாவுக்கு வேறு எண்ணம் இருந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த தடவ பல்லக் கட்டிக்கிட்டுத்தான் போகணும்."

"மொதல்ல தரையப் போடுவோம். பல்லுக்கு என்ன அவசரம்?"

"தரைக்கு என்னாங்க அவசரம்? அது சிரிக்கவா போவுது?"

நான் பதில் சொல்லப் போனேன். கை தானாக வாய்க்குப் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்கப்பா தொர முன்னாடி வாயப் பொத்திக்கிட்டு நின்னாரு. ஒங்க முன்னாடி எந்தத் தொர நிக்கிறான்?"

நகரசபை வேலைக்குக் கண்டிக்கு வருமுன் அப்பா கம்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தார். ஆபீஸ் ஜன்னல் முன்னால் அவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியிருக்கும். மூச்சுக் காற்று துரை மீது படாமல் இருக்க உள்ளங்கை வாயை மூடியிருக்கும். அந்தக் கைக்குப் பின்னால் அப்பாவுக்கு எல்லாப் பல்லும் இருந்தன. கரும்பைக் கடித்து உரிப்பார். நான் யாரும் கேட்காமலே அவருடைய கையை எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டேன்.

சரோஜாவின் வாய்க்குப் பயந்து ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குப் போனேன். இலவசமாகக் கட்டுவார்கள், நன்றாகவும் கட்டுவார்கள் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். வரிசையில் நின்றபோது சிங்கள ஊழியர் ஒருவர் என் கையைப் பார்த்தார். வலி தாங்க முடியாமல் பொத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பாவம், வழி விடுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லி, தோளைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வரிசையில் இருந்தவர்களும் இரக்கமாக ஒதுங்கினார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் அம்மா எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டார். வலி இல்லை, பல்தான் இல்லை என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷி. வாயைப் பரிசோதித்து, அளவெடுக்க ஒரு திகதி தந்தார். அந்தத் திகதியில் நான் கட்டாரில் மெசின் முன்னால் நிற்பேன். இன்னும் முன்னால் கிடைக்குமா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது என் நெஞ்சில் ஒரு சுமை குறைந்தது. அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. போனேன், முயன்றேன், கிடைக்கவில்லை, காசும் மிச்சம். சிக்கனக்காரனுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் சொன்னேன். சரோஜா ஏமாறவில்லை. "மொகத்துல சந்தோசத்தப் பாரு, தேயிலையில புதுக் கொழுந்து பாத்த மாதிரி" என்று சொல்லிவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டாள். அன்று சாயந்தரமே டைல்ஸ் கடையில் விலை விசாரித்து வந்தேன்.

நிரோஷா பேராதனையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். அடுத்த வாரம் அரைநாள் லீவு போட்டு எங்கள் இருவரையும் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். "இன்னைக்கு எல்லாம் என் செலவு. அப்பா பொக்கட்டுல கை வைக்கக் கூடாது" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தோம். அவள் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தாள். நான் ஒவ்வொரு படத்திலும் ஏதாவது மரத்தைப் பார்ப்பவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே வந்ததும் வீதியோரத்தில் ஆவி பறக்க அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த உப்பு வாசனை எனக்குத் தெரிந்த வாசனை.

சோளக்காரர் எங்கள் மூவரையும் பார்த்து மூன்று சோளக் கதிர் எடுத்தார். நிரோஷா இரண்டு போதும் என்றாள். அப்பாவுக்குச் சோளம் பிடிக்காது என்று சிங்களத்தில் காரணமும் சொன்னாள்.

"அப்புடின்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? எனக்குத் தெரியாதா? அப்பாவுக்குச் சோளம் புடிக்காது, முறுக்கு புடிக்காது, கச்சான் கொட்டை புடிக்காது, ஆட்டெறச்சி புடிக்காது. போட்டோ புடிக்கவே புடிக்காது. எங்கப்பா ஒரு சாமியாருன்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாமியாரா? கல்யாணம் முடிச்ச புதுசுல இதே எடத்துல நின்னு, எனக்கு வாங்குனதையும் சேத்துத் தின்ன சாமியாரு!"

நிரோஷா சிரிக்கவில்லை. அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சோளக்காரர் மூன்றாவது கதிரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்ன தோன்றியதோ, "எனக்கும் ஒண்ணு எடும்மா" என்றேன்.

வாங்கினேன். கடிக்க முடியாது என்று வாங்கும்போதே தெரியும். ஓரமாக மதில் பக்கம் திரும்பி நின்று, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு மணியாகப் பெயர்த்துக் கடைவாய்க்குத் தள்ளினேன். முடிச்சு அவிழ்த்த நகம், நன்றாகவே பெயர்க்கிறது. மறு கை வாயை மூடியிருந்தது. நிரோஷா வந்து எனக்கும் மதிலுக்கும் நடுவில் நின்றாள்.

"அப்பா, கைய எடுங்க."

"இங்க வேணாம்மா. ஆளுங்க போறாங்க."

"கைய எடுங்கப்பா."

எடுத்தேன். பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. அவள் கிட்ட வந்து, கடையில் தாளைப் பார்ப்பது போலக் கவனமாகப் பார்த்தாள். "முன்னால ரெண்டுதான் இல்லன்னு நெனச்சேன்" என்றாள். அழவில்லை. தன் கதிரிலிருந்து மணிகளை உதிர்த்து என் உள்ளங்கையில் போட்டாள். நான் தின்று முடிக்கும்வரை உதிர்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, ஒரு புது மனிதரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப, ஒங்களுக்கு வேற என்னெல்லாம் புடிக்கும்?"

வாயில் சோளம் இருந்தது. அது ஒரு சாக்கு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தனக்காக ஒன்றும் வாங்காதவன் தன்னை மட்டும்தான் வருத்திக்கொள்கிறான், மற்றவர்களுக்கு அதில் இலாபம்தானே என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை. நான் வேண்டாம் என்றதெல்லாம் பிடிக்காது என்று அவள் மனதில் பதிந்திருக்கிறது. வீடியோவில் நெற்றியை மட்டும் காட்டிப் பேசியதை, அப்பா அதிகம் பேசாதவர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் அனுப்பிய பணத்தில் வளர்ந்தவள் இல்லாத ஒரு மனிதனைத் தெரிந்து வைத்திருக்கிறாள். முறுக்கும் சிரிப்பும் பிடிக்காத ஒரு சாமியார். அவளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். அவள் இந்த வீட்டில் இருக்கப் போவது என்னுடைய இன்னும் ஓரிரு லீவு வரைதான். பிறகு அந்தச் சாமியாரைத்தான் அவள் தன் பிள்ளைகளுக்கும் சொல்வாள். சிக்கனமாக இருக்கிறவன் எப்போது தனக்குச் செலவழிக்கலாம் என்று கேட்டால், எனக்குப் படித்தவர்கள் போலக் கணக்குச் சொல்லத் தெரியாது. நம்முடைய மிச்சம் பிடிப்பு நம்மைப் பற்றிப் பொய் சொல்ல ஆரம்பித்த பிறகு மிச்சம் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் காலையில் தனியாக டவுனுக்குப் போய், காசு கட்டிப் பார்க்கும் பல் டொக்டர் ஒருவரிடம் அளவு கொடுத்தேன். பல் செய்கிறவரை எல்லோரும் அண்ணன் முறையில் ரியாஸ் நானா என்கிறார்கள். டொக்டரின் அறைக்குப் பின்னாலேயே அவருடைய சின்னப் பட்டறை. வாய்க்குள் பசை வைத்து எடுத்தார்கள். அதில் வெள்ளைச் சாந்து ஊற்றி என் மேல்தாடையை அச்செடுத்தார்கள். மேசையில் இருந்த அதைக் குனிந்து பார்த்தேன். என் வாயை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளத்தில் கல் புரண்டு போன படிக்கட்டு மாதிரி இருந்தது.

ரியாஸ் நானா நிறம் பார்க்கச் சின்னச் சின்னப் பற்களை வரிசையாக நீட்டினார். நான் ரொம்ப மங்கலானதைத் தொட்டேன்.

"ஏன் தம்பி, கலருக்குத் தனிக் காசு இல்ல. எல்லாம் ஒரே வெலதான்."

"அதுக்கில்ல நானா. புதுசுன்னு தெரியக் கூடாது. பழசு மாதிரி இருக்கணும்."

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "நானும் எத்தின பேருக்குப் பல்லு செஞ்சி ஈக்கேன். பழசாக் காட்டப் புதுசு செய்யச் சொன்ன ஆள் நீங்க மட்டுந்தான். களவெடுத்த பல்லா இது, ஒளிக்கிறதுக்கு?"

பிறகு என் கீழ்ப்பல்லோடு வைத்துப் பார்த்து, அவரே ஒரு நிறத்தைத் தேர்ந்தார். மங்கலும் இல்லை, வெள்ளையும் இல்லை.

பல் வந்தது. போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனுக்கு என் சித்தப்பா சாயல். சரோஜா கிட்ட வந்து பார்த்துவிட்டு, "வந்துட்டீங்களா?" என்றாள். நிரோஷா படம் எடுத்தாள். கதையை இங்கே முடித்திருந்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழக்கம் அப்படி விடாது. மறுநாளிலிருந்து நான் அந்தப் பல்லைக் கழற்றி, டப்பியில் போட்டு, அலுமாரியில் உறை பிரிக்காத போர்வைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோயிலுக்குப் போனால் போடலாம், யாராவது வந்தால் போடலாம், கட்டாருக்குப் போன பிறகு போடலாம். வீட்டில் சோறு தின்னப் புதுப் பல் எதற்கு, தேய்ந்துவிடாதா? யோசித்துச் செய்ததுகூட இல்லை. கை தானாகச் செய்தது.

சரோஜா விரிப்பு எடுக்கப் போய் டப்பியைக் கண்டுபிடித்தாள். அவள் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"ஏய் நிரோஷா, இங்க வந்து பாரு! ஒங்கப்பா பல்லயும் அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. விருந்தாளி வந்தா குடுக்கவா?"

நிரோஷா வந்து பார்த்தாள். நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். அதைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பல் இல்லாமல், கையும் இல்லாமல். சிரித்து ஓய்ந்ததும் சரோஜா அந்த அலுமாரியிலிருந்த போர்வை ஒன்றின் உறையைக் கிழித்தாள். கிழித்தாள் என்றால் கிழித்தாள், பிரிக்கவில்லை. "இன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துப் போடுறேன்" என்று என் கட்டிலில் விரித்தாள். அன்றிரவு கண்டிக் குளிருக்கு அதைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். எத்தனை போர்வை சுமந்து வந்திருப்பேன். அதன் கனம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போவதற்கு முன், ஈறு உறுத்துகிறது என்று ரியாஸ் நானாவிடம் காட்டினேன். ராவித் தந்தார். "திங்காம வெச்சிக்கிட்டிருந்தா பல்லு எப்புடிப் பழகும் தம்பி? காசு குடுத்தா மட்டும் ஒங்கட பல்லு ஆகிடாது" என்றார். அந்தச் சாந்து அச்சையும் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். "வெச்சிக்கோங்க, எனக்கு இடம் இல்ல." அதைக் கட்டாருக்குக் கொண்டுபோனால் பெட்டியில் எடை கூடும் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். தரை இன்னும் பெயர்ந்துதான் கிடக்கிறது. அதற்குத் திரும்பவும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். உடம்பு முன்போல இல்லை, மெசின் சூடு முதுகுக்கு ஏறுகிறது. ஆனாலும் சேர்க்கிறேன்.

இங்கே வந்த அன்று பிரேம் என் வாயைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அவருக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என் கை எழும்பி வாயை மூடிக்கொண்டது. உடனே அவருடைய கையும் எழும்பியது. பல் உள்ள இரண்டு பேர் எதிரெதிரே வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். முதலில் நான்தான் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் நிரோஷா பேசும்போது, எனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்வாள். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவாட்டுக் குழம்பு, மழை நேரத்து ரயில் பயணம் என்று இதுவரை கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. போன வாரம் கைபேசியை ஷோகேஸ் பக்கம் திருப்பிக் காட்டினாள். பூப்போட்ட கோப்பைகளுக்கு நடுவில் அந்தச் சாந்து அச்சை வைத்திருக்கிறாள். வந்து போகிறவர்கள் என்னவென்று கேட்டால், "எங்கப்பா" என்கிறாளாம்.

பேசி முடித்து, பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கிளாஸில் போட்டேன். அங்கே ஷோகேஸில் இருக்கும் வாயில் பல் இல்லை. இங்கே கிளாஸில் கிடக்கும் பல்லுக்கு வாய் இல்லை. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேல் கட்டிலுக்கு ஏறினேன்.